சிரிப்புக் கதையை வைத்துச் சொற்களும் மரபுத்தொடர்களும் கற்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

‘கம்பி நீட்டுதல் – ஓடிப்போதல்’ என்று நோட்டில் எழுதி வைத்து மனப்பாடம் செய்திருந்த மாணவன் ஒருவனிடம், அதை வாக்கியத்தில் அமைத்துக் காட்டச் சொன்னேன். ‘நான் தினமும் காலையில் மைதானத்தில் ஐந்து சுற்று கம்பி நீட்டுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தான். அவன் நினைவில் பிழை இல்லை; பட்டியலில் இருந்தது அவ்வளவுதான். கொடுக்க வேண்டிய பணத்தையோ செய்ய வேண்டிய வேலையையோ விட்டுவிட்டு, பிறர் கண்ணில் படாமல் நழுவுகிறவனைத்தான் கம்பி நீட்டினான் என்கிறோம். யார், எதிலிருந்து, யாரை ஏமாற்றிவிட்டு என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அந்தத் தொடருக்கு உயிர் வருகிறது. இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு கோடு போட்டு அந்த மூன்றையும் சொல்லிவிட முடியாது. ஒரு கதையால் சொல்ல முடியும்.

கதைகளுக்குள்ளும் சிரிப்புக் கதைக்குத் தனி வலிமை உண்டு. சோகக் கதையைப் பாதி புரிந்துகொண்டும் கண் கலங்கலாம். சாகசக் கதையில் தெரியாத சொற்களைத் தாண்டிக் குதித்து முடிவுக்குப் போய்விடலாம். சிரிப்புக் கதையில் அது நடக்காது. சிரிப்பு எந்தச் சொல்லில் இருக்கிறதோ அந்தச் சொல் புரியாதவனுக்குச் சிரிப்பு வராது. ஆகவே தனியாக ஒரு தேர்வு வைக்கத் தேவையில்லாமல், படிக்கிறவர் எங்கே சிரித்தார், எங்கே விழித்தார் என்பதைக் கொண்டே அவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று கண்டுகொள்ளலாம்.

வெளியூரிலிருந்து வந்து தமிழ் படித்தவர்கள் இதை முன்பே அறிந்திருந்தார்கள். இத்தாலியிலிருந்து 1710இல் இந்தியாவுக்கு வந்தவரும், 1732இல் சதுரகராதியைத் தொகுத்தவருமான வீரமாமுனிவர், பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் பற்றிய கதையைச் செய்யுளில் எழுதாமல், மக்கள் பேசும் வழக்குக்கு நெருக்கமான உரைநடையில் எழுதினார். அதை ஆங்கிலேயரான பெஞ்சமின் பாபிங்டன் 1822இல் லண்டனில் அச்சிட்டபோது, மொழிபெயர்ப்போடு சொற்பட்டியலையும் முதல் கதைக்கு ஒரு பகுப்பாய்வையும் சேர்த்து, தமிழ் கற்பவர்களுக்கான பாடநூலாகவே ஆக்கினார்.

அந்தச் சீடர்களின் பெயர்களே ஒரு நாள் பாடத்துக்குப் போதும்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். ஐந்தும் ஒரே பொருளைச் சொல்வது போலத் தோன்றினாலும், ஒவ்வொன்றையும் தோண்டினால் அடியில் வேறு வேறு ஊற்று இருக்கிறது. மட்டி என்பது சிப்பி வகை உயிர் ஒன்றுக்கும், கன்னியாகுமரிப் பக்கத்து வாழைப்பழம் ஒன்றுக்கும் பெயர். மடையன் என்றால் பழந்தமிழில் சமையற்காரன். பேதை என்பது ஐந்து முதல் ஏழு வயதுப் பெண்ணைக் குறிக்கும் இலக்கியச் சொல்லும் ஆகும். மிலேச்சன் என்ற சொல், தம் மொழியும் வழக்கமும் இல்லாத வெளியாரைக் குறித்த வடசொல். இதைத் தனிப்பாடமாகச் சொன்னால் கொட்டாவி விடும் பிள்ளைகள், ஆற்றுத் தண்ணீர் தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை முக்கிப் பார்த்த சீடனின் பெயர் என்று தெரிந்தபின் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

முதல் படி: கதையைத் தேர்ந்தெடுத்தல்

வழுக்கி விழுவது, சேற்றில் புரள்வது போன்ற செயல்களால் மட்டும் சிரிப்பூட்டும் கதை இந்த வேலைக்கு உதவாது. படம் பார்த்தாலே சிரிப்பு வந்துவிடும், சொல் தேவைப்படாது. ஒருவர் சொன்னதை மற்றவர் வேறாகப் புரிந்துகொள்வதில் சிரிப்பு பிறக்கும் கதையே வேண்டும். சொன்ன சொல்லை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்ளும் வெகுளி ஒருவன் கதையில் இருந்தால் மிகவும் நல்லது, ஏனென்றால் மரபுத்தொடர் கற்பவரும் தொடக்கத்தில் அந்த வெகுளியின் நிலையில்தான் இருக்கிறார். அளவில் கதை ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். புதிய சொற்களும் தொடர்களும் பன்னிரண்டுக்கு மேல் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் நின்று விளக்குவதற்குள் சிரிப்பு ஆறிப்போய்விடும்.

வட்டாரத்தையும் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ‘வெளிக்கிட்டான்’ (புறப்பட்டான்) என்ற சொல் வீட்டுச் சொல். மதுரைப் பிள்ளைக்கு அது புதுச் சொல். இருவருக்கும் ஒரே கதையைக் கொடுத்தால், எந்தச் சொல்லில் நிற்க வேண்டும் என்பது மாறும்.

இந்த வழிகாட்டிக்காகவே எழுதிய சிறு கதை ஒன்றை இங்கே தருகிறேன். இனி வரும் படிகள் எல்லாம் இதை வைத்தே நடக்கும்.

மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவரிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். ஒரு நாள் காலையில் அண்ணாச்சி அரக்கப்பரக்கக் கிளம்பிக்கொண்டே, “தம்பி, சந்தைவரைக்கும் போய் வருகிறேன். கடன்காரர் வந்தால் தண்ணீர் காட்டி அனுப்பிவிடு. பேரேட்டைக் கேட்டால் பூசி மெழுகிவிடு. கல்லாவில் மட்டும் ஒரு கண் வைத்துக்கொள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிறிது நேரத்தில் மொத்தக் கடையிலிருந்து வசூலுக்கு ஒரு பெரியவர் வந்தார். பையன் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். அவர் வாங்கிக் குடிக்கப் போனதும் வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டு, “குடிக்கக் கொடுக்கச் சொல்லவில்லை ஐயா, காட்டத்தான் சொன்னார்” என்றான். “சரி, பேரேட்டை எடு, நிலுவை எவ்வளவு என்று பார்க்கலாம்” என்றார் பெரியவர். பையன் மளமளவென்று கொல்லைப்புறம் ஓடிச் சாணத்தைக் கரைத்து வந்து, பேரேட்டை அட்டை முதல் கடைசித் தாள்வரை பூசி, ஓர் எழுத்துக்கூடத் தெரியாதபடி மெழுகி, திண்ணையில் காயவைத்தான். பிறகு கல்லாப்பெட்டியின்மேல் ஒரு கண்ணை வைத்து அழுத்தி, மறு கண்ணை இறுக மூடிக்கொண்டு, அப்படியே குனிந்து நின்றான்.

அண்ணாச்சி திரும்பி வந்தபோது, வாசலில் தொங்கிய வாழைத்தாரை யாரோ தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தான்; பேரேடு வறட்டியாகக் காய்ந்துகொண்டிருந்தது; பெரியவர் அரிசி மூட்டைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். “என்ன அண்ணாச்சி, முகத்தில் ஈயாடவில்லையே?” என்று அவர் கேட்டார். பையன் கல்லாவிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னான்: “எல்லா ஈயும் வெல்ல மூட்டைமேல் இருக்கிறது ஐயா.”

இரண்டாம் படி: நிறுத்தாமல் ஒருமுறை கேட்டல்

முதல் வாசிப்பு காதுக்கானது. யாராவது ஒருவர் உரக்கப் படிக்க, கற்பவர் கையில் தாளோ அகராதியோ இல்லாமல் கேட்க வேண்டும். தனியாகக் கற்பவர் தாமே வாய்விட்டுப் படிக்கலாம். இடையில் எந்தச் சொல்லுக்கும் பொருள் சொல்லக் கூடாது. கற்றுக்கொடுப்பவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சிரிப்பு வந்த இடங்களையும், வர வேண்டிய இடத்தில் வராமல் போனதையும் தம் பிரதியின் ஓரத்தில் குறித்துக்கொள்வது.

இந்தக் கதையைச் சொல்லும்போது செம்பை இழுத்துக்கொள்ளும் இடத்தில் ஏறக்குறைய எல்லோரும் சிரிக்கிறார்கள். பேரேட்டை மெழுகும் இடத்தில் நகரத்துப் பிள்ளைகள் பலர் சாணத்தைக் கேட்டு முகம் சுளிக்கிறார்களே தவிர, அண்ணாச்சி என்ன சொல்ல வந்தார் என்பது அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. பளிங்குத் தரையில் வளரும் பிள்ளை மெழுகுவதை எங்கே பார்த்திருக்கும்? அடுத்த நாள் பாடம் அந்த மௌனத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மூன்றாம் படி: சொற்களைப் பிரித்து அடுக்குதல்

இரண்டாம் வாசிப்பில் கையில் பென்சில் இருக்கலாம். தெரியாதவற்றை எல்லாம் ஒரே பட்டியலாக எழுதாமல், வகைக்கொரு பக்கம் ஒதுக்குவது நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு வகையையும் கற்கும் முறை வேறு.

பேரேடு, நிலுவை, வசூல், கல்லா, வறட்டி ஆகியவை பொருட்பெயர்கள், தொழிற்சொற்கள். இவற்றுக்குப் படமோ பொருளோ காட்டினால் பெரும்பாலும் போதும். வறட்டியை விராட்டி என்று சொல்லும் ஊர்களும் உண்டு என்பதை மட்டும் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். ‘மளமள’ என்பது இரட்டைக்கிளவி. ‘மள’ என்று தனியே நின்றால் பொருள் தராது. ‘அரக்கப்பரக்க’ அப்படியே ஒரு சொல்லாகக் கற்க வேண்டியது. பிரித்துப் பார்த்து ஆவது ஒன்றும் இல்லை. தண்ணீர் காட்டு, பூசி மெழுகு, ஒரு கண் வை, ஈயாடவில்லை ஆகிய நான்கும் மரபுத்தொடர்கள்.

இவற்றுக்கு நடுவே ‘கடன்காரர்’ என்ற சொல் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த சொல் என்று யாரும் அதை எடுத்து எழுதுவதில்லை. கடன் கொடுத்தவரும் கடன்காரர்தான். கடன் வாங்கியவரும் கடன்காரர்தான். கதையில் எது என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டால், ‘தண்ணீர் காட்டி அனுப்பிவிடு’ என்று அடுத்து வருவதால் தெரிந்தது என்று கற்பவர் தாமே சொல்லிவிடுவார். சூழலைக் கொண்டு பொருள் காண்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. தெரிந்த சொல் போலத் தோன்றுபவற்றில் குறைந்தது ஒன்றையாவது ஒவ்வொரு கதையிலும் இப்படி நிறுத்திக் கேட்க வேண்டும்.

நான்காம் படி: இரண்டு படங்கள்

ஒவ்வொரு மரபுத்தொடருக்கும் நோட்டில் இரண்டு படங்கள் வரையச் சொல்லுங்கள். இடப்பக்கம், பையன் புரிந்துகொண்டது. வலப்பக்கம், அண்ணாச்சி சொல்ல வந்தது. வரையத் தெரியாதவர் ஒவ்வொரு வாக்கியம் எழுதலாம். நேர்ப்பொருளை மறைத்துவிட்டு உட்பொருளை மட்டும் சொல்லித்தருவது பலருடைய வழக்கம். அது பெரிய இழப்பு. தொடர் நினைவில் தங்குவது நேர்ப்பொருளின் படத்தால்தான்.

பூசி மெழுகுவதை எடுத்துக்கொள்வோம். மண்தரையில் வெடிப்பு விழும். மண்ணையோ சாணத்தையோ குழைத்து வெடிப்பில் பூசி, ஈரக் கையால் வட்ட வட்டமாகத் தேய்த்து மெழுகினால் தரை வழவழப்பாகிவிடும். வெடிப்பு இருந்த இடமே தெரியாது. வெடிப்பு எங்கும் போய்விடவில்லை, மேற்பூச்சுக்கு அடியில் அப்படியே இருக்கிறது. குற்றத்தையோ குறையையோ பேச்சால் மூடுகிறவன் செய்வதும் இதுவே. களிமண்ணை ஓர் ஓட்டுத் துண்டின்மேல் பூசிக் கையால் மெழுகிக் காட்டினால் ஐந்து நிமிடம் ஆகும். அதன்பிறகு அந்தத் தொடருக்குப் பொருள் எழுதிக் கொடுக்கவே தேவை இருப்பதில்லை. நான் வேறு எதைச் சுருக்கினாலும் இந்த ஐந்து நிமிடத்தைச் சுருக்குவதில்லை.

தண்ணீர் காட்டுவதிலும் அப்படி ஒன்று ஒளிந்திருக்கிறது. கிராமத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது என்றால் உண்மையாகவே குடிக்க வைப்பது. ‘மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வா’ என்று தினமும் மாலையில் சொல்வார்கள். துரத்துகிறவனுக்குத் தண்ணீர் காட்டுவது என்றால் அகப்படாமல் போக்குக் காட்டுவது. ஆக இந்தத் தொடருக்கு மூன்று படங்கள் வேண்டும்: மாடு, அண்ணாச்சியின் எண்ணம், பையனின் செம்பு.

எல்லாத் தொடருக்கும் இப்படி வேரைத் தோண்டிக்கொண்டு போக வேண்டாம். முகத்தில் ஈயாடவில்லை என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். அதிர்ச்சியாலோ அவமானத்தாலோ முகம் களையிழந்து போவதைச் சொல்கிறோம் என்று தெளிந்தால் போதும். உறுதியில்லாத விளக்கத்தைக் கற்றுக்கொடுத்தால் அது கடைசிவரை ஒட்டிக்கொள்ளும்.

ஐந்தாம் படி: தொடரின் இலக்கணத்தைப் பிடித்தல்

எந்தப் பொருளை எந்தச் சொல்லால் எவ்வாறு பெரியோர் சொன்னார்களோ அவ்வாறே சொல்வது மரபு என்பது நன்னூல் தரும் விளக்கம். ‘எவ்வாறு’ என்பதில்தான் கற்பவர்கள் தடுமாறுகிறார்கள். பொருள் தெரிந்திருந்தும் வேற்றுமை உருபோ வினையின் வடிவமோ மாறிவிட்டால் தொடர் கெட்டுவிடுகிறது.

‘சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினான்’ என்றால் கை கழுவியதுதான். ‘நண்பனைக் கைகழுவினான்’ என்று ஐ உருபோடு ஒருவர் முன்னால் வந்துவிட்டால், பொறுப்பிலிருந்து விலகிவிட்டான் என்று ஆகிவிடுகிறது. நம் கதையில், ‘கல்லாவில் ஒரு கண் வைத்துக்கொள்’ என்றால் கவனித்துக்கொள். ‘ஒரு’ என்பதை எடுத்துவிட்டு, ‘கல்லாமேல் கண் வைத்துவிட்டான்’ என்றால் அதை அடைய ஆசைப்பட்டுவிட்டான். ‘குழந்தைமேல் கண் வைத்துவிட்டார்கள்’ என்றால் பாட்டி உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப்போட வந்துவிடுவார். ‘கல்லாவில் கை வைத்தான்’ என்றால் திருடிவிட்டான். கண்ணுக்கும் கைக்கும் உள்ள வேறுபாட்டில் ஒருவன் வேலைக்காரனாகவும் திருடனாகவும் மாறிவிடுகிறான். இதை ஒரே வரிசையில் எழுதிக் காட்டுங்கள்.

ஈயாடவில்லை என்பது எதிர்மறையில் மட்டுமே வழங்கும். மகிழ்ச்சியாக இருந்தவர் முகத்தில் ஈயாடியது என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே ஒவ்வொரு தொடருக்கும் மூன்று கேள்விகள் கேட்டுப் பதிலை எழுதிவைக்க வேண்டும்: முன்னால் எந்த உருபு வருகிறது? எதிர்மறையாகவும் உடன்பாடாகவும் வருமா? யாரைப் பற்றிச் சொல்லலாம், யாரைப் பற்றிச் சொன்னால் மரியாதைக் குறைவாகும்? கடைசிக் கேள்வியை மறந்தால் சங்கடம் வரும். தலைமையாசிரியர் கூட்டத்திலிருந்து சீக்கிரம் கிளம்பியதைக் கம்பி நீட்டினார் என்று கட்டுரையில் எழுதினால், ‘ஆர்’ விகுதி போட்டும் மரியாதை தேறாது. அலுவலகக் கடிதத்தில் ‘எங்கள் விண்ணப்பத்தை ஆறப்போட்டுவிட்டீர்கள்’ என்று எழுதாமல், ‘காலம் தாழ்த்துகிறீர்கள்’ என்றுதான் எழுத வேண்டும்.

ஆறாம் படி: அகராதி

அகராதியை இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம், ஊகித்த பிறகு பார்க்கும் பொருள் மனத்தில் தங்குவதுபோல், ஊகிக்காமல் பார்த்தது தங்குவதில்லை. இன்றைய வழக்குக்கு, 1992இல் முதல் பதிப்பு வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஏற்றது. பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் தருவதால், நாம் எழுதிய வாக்கியத்தை அதோடு ஒப்பிடலாம். சொல்லின் பழைய பொருள்களைத் தேட, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் உதவும். இணையத்திலும் தேடிப் பார்க்கலாம். மரபுத்தொடரைத் தேடும்போது முதற்சொல்லில் கிடைக்காவிட்டால் வினைச்சொல்லிலும் பார்க்க வேண்டும்.

ஏழாம் படி: கதையைத் திருப்பிச் சொல்லுதல்

இங்கிருந்து கற்பவரின் வாய்க்கு வேலை. முதலில் கதையைத் தாளைப் பார்க்காமல் அப்படியே சொல்லட்டும். அடுத்து வசூலுக்கு வந்த பெரியவர், அன்று மாலை தம் வீட்டில் மனைவியிடம் சொல்வதுபோலச் சொல்லட்டும். ‘அந்த ஆள் எனக்குத் தண்ணி காட்டப் பார்த்தான், பையன் நிஜமாகவே தண்ணியைக் காட்டிட்டான்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், தொடரின் இரண்டு பொருளும் அவர் வசப்பட்டுவிட்டன. எழுத்து வழக்கில் படித்ததைப் பேச்சு வழக்குக்கு மாற்றும் பயிற்சியும் இதிலேயே கிடைத்துவிடுகிறது. வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இது மிகவும் தேவை, ஏனென்றால் அவர்கள் வீட்டில் கேட்கும் தமிழும் பாடநூலில் காணும் தமிழும் வேறு வேறு மொழிகளாகவே அவர்களுக்குத் தோன்றுகின்றன.

பிறகு களத்தை மாற்றுங்கள். கடைக்குப் பதில் திருமண வீடு, பேருந்து நிலையம், பள்ளி விடுதி. பழைய நான்கு தொடர்களில் இரண்டையாவது அங்கே பொருத்தமாகப் பயன்படுத்த வேண்டும். பொருந்தாத தொடரை வலிந்து நுழைக்கக் கூடாது. நான்கையும் திணித்து எழுதிய பத்தியைவிட, ஒன்றே ஒன்று தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும் பத்திக்கே நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

எட்டாம் படி: சொந்தமாக ஒரு வெகுளிக் கதை

கதையில் வராத புதிய மரபுத்தொடர் ஒன்றைக் கொடுத்து, அதை ஒரு வெகுளி நேராக எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்று பத்து வரியில் எழுதச் சொல்லுங்கள். மூக்கை நுழை, மூட்டை கட்டு, ஒற்றைக்காலில் நில், காக்கா பிடி, காது குத்து ஆகியவை தொடக்கத்துக்கு ஏற்றவை. மேலதிகாரியைக் காக்கா பிடித்தால் பதவி உயர்வு கிடைக்கும் என்று கேள்விப்பட்டவன் வடையோடு மொட்டை மாடிக்குப் போகிறான் என்று ஒரு சிறுமி தொடங்கினாள். இரண்டு பொருளும் தெரியாமல் அந்த வரியை எழுத முடியாது. எழுதியதை மற்றவர்களிடம் படித்துக் காட்டச் செய்யுங்கள். கேட்டவர்கள் சிரிக்காவிட்டால், நேர்ப்பொருள் தெளிவாக இல்லையா அல்லது உட்பொருள் கதையில் இடம்பெறவில்லையா என்று பார்த்துத் திருத்த வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் குறையாக இருக்கும்.

ஒன்பதாம் படி: மீள்பார்வை

அன்றிரவு ஒருமுறை, மூன்றாம் நாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை, மாதம் கழித்து ஒருமுறை என்று நான்கு தடவை போதும். ஒவ்வொரு தடவையும் கதையை முழுதாகப் படிக்க வேண்டாம். தொடர்கள் வரும் இடங்களில் கோடிட்டு வெற்றிடம் விட்ட பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லி நிரப்பலாம். ‘தண்ணீர் காட்டி’ என்ற இடத்தில் ‘ஏமாற்றி’ என்று நிரப்பினால் பொருள் நினைவிருக்கிறது, தொடர் நழுவிவிட்டது என்று அறிந்து, அந்த ஒன்றை மட்டும் நான்காம் படிக்குக் கொண்டுபோய் அதன் படங்களை மீண்டும் பார்க்க வேண்டும். மாதக் கடைசியில் எல்லா வெற்றிடங்களும் தட்டாமல் நிரம்பினால், அந்தக் கதையை மூடிவிட்டு அடுத்த கதையைத் திறக்கலாம்.